இரண்டாம் வரியில் இருந்த தையல்காரர்

7

செய்த தவற்றுக்காக வெட்கப்படுவது ஒரு பங்கு என்றால், அதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோமே என்று வெட்கப்படுவது ஒன்பது பங்கு. துப்பறிவாளர் மூன்று இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தார்.

அவரைப் பொறுத்தவரை வழக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கண் மருத்துவமனையில் கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருப்போரின் புதிய பட்டியல் வெளிவந்தபோது, முதல் வரியில் இருந்த பெயர், பதிவுப் பிரிவில் வேலை பார்க்கும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் சொந்தத் தம்பியுடையது. பார்வை எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு புள்ளி போடுவார் மருத்துவர். ஐந்நூறு வரை போகும். புள்ளி கூடியவருக்கு முதலிடம். மருத்துவர் சீட்டில் தம்பிக்கு இருந்ததோ தொண்ணூற்றேழு. நானூறுக்கு மேல் வாங்கியவர்கள் கீழே கிடக்க, அவன் எப்படித் தலைக்கு மேல் ஏறினான்? நிர்வாகி துப்பறிவாளரை அழைத்தார். துப்பறிவாளர் பதிவு அக்காவைப் பிடித்தார்.

பிடித்த விதம்தான் சரியில்லை. நான்கு பேர் முன்னால் அவள் கைப்பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னார். ஒரு சீப்பு, பஸ் பாஸ், வீட்டுச் சாவி, தம்பியின் பெயர் ஒட்டிய கண் சொட்டு மருந்து. அந்தச் சின்னப் புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாசம் கண்ணை மறைக்கும்" என்று வேறு சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் அழவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எனக்குச் சொன்னபடிதான் நான் போட்டேங்க."

யார் சொன்னது என்று அவர் அதட்டியபோது, சாரோட பேர் தெரியாது என்றாள். அது போதாதா? பின்னால் ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று துப்பறிவாளர் அறிக்கையில் எழுதினார். மூன்று நாள் கழித்து மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடி அவளை வேலையை விட்டு நீக்கும். தம்பியின் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடும். அதற்குள் கூட்டாளியையும் பிடித்துக் கொடுத்துவிட்டால் மகுடத்தில் கல் பதித்த மாதிரி இருக்கும்.

குழு கூடும் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எட்டிப் பார்த்தவன் அவருடைய மைத்துனன். மனைவியின் கூடப்பிறந்தவன், முன்பு கணினி நிரல் எழுதிப் பிழைத்தவன், இப்போது இவருக்கு உதவியாள். வாயை மட்டும் யாரும் வாடகைக்கு எடுத்ததில்லை. அது எப்போதும் இலவசம்.

"மாமா, ஒருத்தர் கழுத்துல அளவு டேப்போட வந்திருக்கார். சட்டைக்கா, இல்ல உங்க இடுப்பை அளந்து உண்மையைச் சொல்லவான்னு தெரியல."

வந்தவர் தையல்காரர். அறுபதை நெருங்கும் வயது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தான் பட்டியலில் இரண்டாவதாக இருப்பதாகவும், அடுத்த வாரம் அறுவைக்கு வரச் சொல்லி மருத்துவமனையிலிருந்து அழைத்ததாகவும் சொன்னார். அங்கே போய் விசாரித்தால், பட்டியல் சமாச்சாரம் எல்லாம் இப்போது துப்பறிவாளர் கையில் என்று இங்கே அனுப்பிவிட்டார்களாம்.

"எனக்கு டாக்டர் ஒம்போது புள்ளிதாங்க போட்டார்," என்றார் தையல்காரர். "ஒம்போதுக்கா இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுவாங்க? எனக்கு ஒரு கண்ணு நல்லாவே தெரியுது. பாருங்க."

சட்டைக் காலரிலிருந்து ஊசி ஒன்றை உருவினார். பையிலிருந்து நூல் எடுத்தார். நாக்கில் நுனியைத் தொட்டு, ஒரே முயற்சியில் கோத்துக் காட்டினார்.

"எனக்கு முன்னாடி போக வேண்டியவங்க யாரோ தட்டுத் தடுமாறிட்டு உக்காந்திருப்பாங்க. என் இடத்தை அவங்களுக்குக் குடுத்துடுங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் கடையை மூடிட்டு வந்தேன்."

பதிவு அக்காவைத் தெரியுமா என்று துப்பறிவாளர் கேட்டார். தெரியாது என்றார். தாம் பதிந்தது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளை மருத்துவமனையில் என்றார். மைத்துனன் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு, இரண்டு ரூபாய் பொத்தான் ஒன்று துப்பறிவாளரின் சட்டையில் தொங்குவதைக் கவனித்து, கோத்த ஊசியாலேயே அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நல்ல மனிதர்கள் இப்படித்தான். தாங்கள் எதை உடைத்துவிட்டுப் போகிறோம் என்று தெரியாமலே எதையாவது தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

உடைந்தது வழக்கு.

"தம்பிக்காகத் திருடினவ," என்றார் துப்பறிவாளர் மெதுவாக, "முன்ன பின்ன தெரியாத தையல்காரருக்காகவும் எதுக்குத் திருடணும்?"

"தம்பி கண்ணு தெரிஞ்சதும் புதுச் சட்டை கேப்பானே, மாமா."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. வழக்கு வந்த அன்று முதல் வரியைப் பார்த்ததுமே குற்றவாளி கிடைத்துவிட்டதாக நினைத்துத் தாளை மூடியிருந்தார். இரண்டாவது வரியைப் படிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். 'சான்று' என்று எழுதிய உறைக்குள் அந்தச் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. புட்டியில், நாளைக்கு மூன்று வேளை என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக அது இவருடைய இழுப்பறையில் இருக்கிறது. கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தும் மனம் போட்டுவிட்டது: ஒன்பது வேளை.

உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டியை எடு, மாப்பிளே."

---

மருத்துவமனையின் பதிவறை ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் இரும்பு அலமாரிகள். மறுபக்கம் ஜன்னலோரம் பதிவு அக்காவின் மேசை. நாற்காலி முதுகில் அவளுடைய சால்வை இன்னும் தொங்கியது. எடுத்துக்கொள்ளக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறார்கள். 'அனுப்பியிருக்கிறார்கள்' என்ன, அனுப்பியவரே இவர்தான்.

நிர்வாகி சாவியைக் கொடுத்துவிட்டு, நான்கு மணிக்கு முன் கூட்டாளியின் பெயர் கிடைத்துவிடுமா என்று கேட்டார். கிடைத்துவிடும் என்றார் துப்பறிவாளர்.

மைத்துனன் கணினியை உயிர்ப்பித்தான். இந்த இடம் அவனுக்குப் புதிதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் பட்டியல் தயாரிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். வழக்கின் முதல் நாளே, கணினி தப்புச் செய்திருக்குமா என்று துப்பறிவாளர் கேட்டதற்கு, "அது நான் பெத்த பிள்ளை மாமா, பொய் சொல்லாது" என்றிருந்தான். அந்த நம்பிக்கையில் அறிக்கையின் இரண்டாம் பத்தியில் 'கணினியில் பிழை இல்லை' என்று இவர் கையெழுத்திட்டிருந்தார்.

"பெத்த பிள்ளை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மைத்துனனுக்கு உற்சாகம் வந்தது. நோயாளிகளின் விவரம் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பில் இருக்கிறது என்றான். சமையலறை டப்பாக்கள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பெயர்ச்சீட்டு. இது பெயர், இது வயது, இது புள்ளி. எக்ஸ்எஸ்எல்டி என்பது ஒரு கட்டளைத் தாள். டப்பாக்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்துவிட்டால் போதும், கணினி அடுக்கிவிடும்.

"இத்தனை வருஷமா ஒரே கோப்புதான். போன மாசம்தான் அக்கரைக் கிளையை இதோட சேர்த்தாங்க. ரெண்டு கோப்பையும் ஒண்ணாக் கலந்து அடுக்கணும்னாங்க. வந்தேன், 'அந்தக் கோப்பையும் கூப்பிடு'ன்னு ஒரு வரி சேர்த்தேன். பத்தே நிமிஷம். காபி ஆறக்கூட இல்ல."

"பட்டியல்ல இருக்கிற வரிசைப்படியே புள்ளிகளைப் படி."

வெளியே ஒட்டும் பட்டியலில் புள்ளிகள் வராது. நோயாளிகள் ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மனம் நோகக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். அதனால்தான் தம்பியைத் தவிர, தவறி மேலே ஏறிய மற்றவர்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மைத்துனன் கோப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தான். முதலாவது, தம்பி, தொண்ணூற்றேழு. இரண்டாவது, தையல்காரர், ஒன்பது. மூன்றாவது எண்பத்தெட்டு. நான்காவது ஏழு. ஐந்தாவது அறுபத்து நான்கு. ஆறாவது...

"நானூத்தி எண்பது," என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யார் அவங்க?"

"ஒரு டீச்சர். 'முகத்துக்கு நேரே காட்டினாலும் விரல்களை எண்ண முடியவில்லை'ன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

துப்பறிவாளர் எண்களைத் தம் சிறு நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் ஒரு தாளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். விரலை வைத்து எல்லா எண்ணுக்கும் முதல் இலக்கத்தை மட்டும் விட்டு, மற்றதை மறைத்தார். ஒன்பது. ஒன்பது. எட்டு. ஏழு. ஆறு. நான்கு.

"வரிசை சரியாத்தான் இருக்கு, மாப்பிளே," என்றார். "ஆனா முதல் இலக்கத்துக்கு மட்டும்தான் சரி. அகராதியில சொல்லை அடுக்குற மாதிரி அடுக்கியிருக்கு. அதுக்கு இது எண்ணுன்னே தெரியல."

மைத்துனன் கட்டளைத் தாளைத் திறந்தான். வரிசைப்படுத்தச் சொல்லும் வரியைத் தேடி எடுத்தான். வெகு நேரம் அதையே பார்த்தான். பிறகு, அந்த வரியில் 'எண்ணாக எடுத்துக்கொள்' என்று ஒரு சொல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று சொன்னான். அந்தச் சொல் இல்லை.

துப்பறிவாளர் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"யாரோ அழிச்சிருக்கணும் மாமா," என்றான் திடீரென்று. மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பது போலிருந்தது. "எட்டு வருஷம் சரியாத்தானே வந்தது? மொதல்லேருந்தே தப்புன்னா, முதல் மாசமே பல்லைக் காட்டியிருக்காதா? யாரோ இப்பதான் கை வச்சிருக்காங்க. அந்தக் கூட்டாளிதான்."

நியாயமான கேள்வி. துப்பறிவாளருக்கும் அந்தக் கூட்டாளி வேண்டியிருந்தது. அவன் ஒருவன் இருந்துவிட்டால் கைப்பையைக் கவிழ்த்தது முழுப் பாவம் ஆகாது. வெட்கத்தைப் பங்கு போட ஆள் தேடுவது மனித சுபாவம். கட்டளைத் தாளைக் கடைசியாகத் திருத்திய தேதி என்ன என்று கேட்டார். போன மாதம், மைத்துனன் வந்த நாள். அதற்கு முன்னால்? எட்டு ஆண்டுகளுக்கு முன்னால். நடுவில் ஒருவரும் தொடவில்லை.

"பழைய கோப்பை மட்டும் தனியாத் திற. அக்கா பதிஞ்சதை."

திறந்தான். புள்ளிகள் வரிசையாக ஓடின. 412. 377. 205. அதற்குக் கீழே, 093. 064. 045. 009.

சின்ன எண்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சைபர். ஒற்றை எண் என்றால் இரண்டு சைபர், இரட்டை எண் என்றால் ஒன்று. எல்லா எண்ணும் மூன்று இலக்கமாக உயரம் ஒத்து நின்றன. இப்படி நின்றால் எழுத்தாகப் பார்த்தாலும் வரிசை பிசகாது. அக்கரைக் கோப்பில் அந்தச் சைபர் ஒன்றுகூட இல்லை. அங்கே பதிகிறவருக்கு அது யாரும் சொல்லாத சங்கதி. சொந்தக்காரரை அக்கா தன் கையால் பதியக் கூடாது என்ற விதியால் தம்பியும் அங்கேதான் பதிந்திருந்தான்.

துப்பறிவாளர் அலமாரியிலிருந்து மருத்துவர் கைப்பட எழுதிய சீட்டுகள் மூன்றை எடுத்துப் பார்த்தார். சீட்டில் 64, 45, 9 என்றுதான் இருந்தது. சைபரை மருத்துவர் போடவில்லை.

"மொத்தம் எத்தனை பேர் இதுல?"

"அறுவை முடிஞ்சு போனவங்களையும் சேர்த்து ஆயிரத்தி எழுநூறு பேருக்கு மேல."

"ஒண்ணாவது சைபர் இல்லாம விட்டுப்போயிருக்கா?"

மைத்துனன் தேடினான். விட்டுப்போகவில்லை. எட்டு ஆண்டில் ஒரு முறைகூட விட்டுப்போகவில்லை. காய்ச்சல் நாளிலும், வீட்டில் சண்டை நாளிலும், சம்பளம் தள்ளிப்போன நாளிலும் அந்தக் கை சைபரை மறக்கவில்லை. நிரல் பிறந்த நாளிலிருந்தே நொண்டி. அது நொண்டி என்று ஊருக்குத் தெரியாமல் ஒரு பெண் தோள் கொடுத்து நடத்தி வந்திருக்கிறாள். அவளைத்தான் இவர்கள் திருடி என்றார்கள்.

"அவங்களுக்கு நிரலே தெரியாதே," என்று முனகினான் மைத்துனன். "சைபர் போட்டா சரியாகும்னு எப்படித் தெரிஞ்சுது?"

துப்பறிவாளர் அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் முத்திரைகள், பென்சில், மாத்திரை அட்டை. இழுப்பறையின் உட்பக்கப் பலகையில், ஓரமெல்லாம் பழுப்பேறிய ஒரு அட்டை ஒட்டியிருந்தது. குனிந்து, வாய்விட்டுப் படித்தார்.

"'சின்ன நம்பர் மேலே ஏறிவிடுகிறது. புரோகிராம் சாருக்கு போன் செய்தேன். சார் சொன்னது: முன்னால் சைபர் வைக்கவும். மூன்று எழுத்து வர வேண்டும். மறக்கக் கூடாது. நோயாளிகள் பாவம்.'"

கீழே தேதி. எட்டு ஆண்டுகளுக்கு முந்தையது.

எனக்குச் சொன்னபடிதான் நான் போட்டேங்க.

துப்பறிவாளர் திரும்பினார். கூட்டாளி அவருக்கு எதிரிலேயே, பதிவு அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டென்று அது யாருடைய நாற்காலி என்று உணர்ந்தவன் போல எழுந்து, சுவரோரம் போய் நின்றான்.

"ஞாபகம் இருக்கு மாமா," என்றான். "ஃபிரெண்ட்ஸ் கூட உக்காந்திருந்தேன். யாரோ ஒரு அக்கா போன் பண்ணி, நம்பர் தப்பா வருதுன்னாங்க. நான் என்னன்னுகூடப் பார்க்கல. 'குட்டையா இருக்கிறவங்களுக்கு முன்னாடி ஒண்ணோ ரெண்டோ சைபரை நிக்க வைங்கக்கா, எல்லாரும் மூணு எழுத்து உயரமாயிடுவாங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. போனை வச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்."

மறுமுனையில் ஒருத்தி சிரிக்காமல் அதை அட்டையில் எழுதிக்கொண்டாள்.

மணி மூன்றே முக்கால். துப்பறிவாளர் தம் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். நிர்வாகிக்கும் அதுவே பிடிக்கும். யார் முகத்திலும் கரி படாது. பேனா தாளுக்கு மேலே நின்றது. நின்றது என்பதையே அவர் பிற்பாடு பல நாள் நினைத்து வெட்கப்பட்டார். இறைவன் அந்த நேரத்தில் வேறொன்றும் செய்யவில்லை. அவருடைய சட்டையில் புதிதாகத் தைத்த பொத்தான் மேல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தான், அவ்வளவுதான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன் மாமா. நீங்க பக்கத்துல நில்லுங்க."

---

குழு முன்னால் இருவரும் நின்ற பதினைந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைத்துனன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் முடித்ததும், கைப்பையைக் கவிழ்த்த நாளில் தலையாட்டிய அதே நான்கு பேர் முன்னால், தாம் சொன்ன சொல்லைத் துப்பறிவாளர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டளைத் தாளில் விட்டுப்போன சொல்லைச் சேர்த்துப் பட்டியலை மறுபடி எடுத்தார்கள். நானூற்று எண்பது புள்ளி வாங்கிய ஆசிரியை முதல் வரிக்கு வந்தார்.

பதிவு அக்காவின் வீடு ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்த இரண்டு அறைகள். கதவைத் திறந்தவள் இவர்களைப் பார்த்ததும், மறுபடியும் சோதனைதான் என்று நினைத்துக் கைப்பையை எடுக்கத் திரும்பினாள்.

"வேணாம்மா," என்றார். மாடியேறும்போது கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. சால்வையைக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல. குழுவுல சொல்லிட்டேன். நாளைக்கு நீங்க வேலைக்கு வரணும்."

அவள் புட்டியைத்தான் முதலில் வாங்கினாள். ஒன்பது வேளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர் கேட்டார். கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், இன்னும் வரவில்லை. ஈரத்துணி வைத்துச் சமாளித்தோம் என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. பிறகு பயந்துகொண்டே கேட்டாள்.

"தம்பி பேரு?"

"இருக்கும்மா. ஆனா முதல்ல இல்ல. முப்பத்தி ஒண்ணாவது."

"அடிக்கலையா?" அவள் கண் நிறைந்தது. "அப்ப முறை வந்துடும். முப்பத்தி ஒண்ணு போதுங்க. அதுதானே அவன் இடம்."

மைத்துனன் வாசல்படியிலேயே நின்றிருந்தான். அந்த போனில் பேசியது தான்தான் என்று சொன்னான். கேலிக்குச் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். கோபம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள்; வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கரையில பதியறவங்களுக்கு சைபர் போடணும்னு நான்தான் சொல்லியிருக்கணும் தம்பி," என்றாள் அவள். "எனக்குத் தோணாம போயிடுச்சு."

உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மருந்து விடும்போது தலையை ஆட்டிவிடுவான், கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா என்று அவள் மைத்துனனைக் கேட்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலிக்குப் பின்னால் நின்று, தம்பியின் தலையை இரண்டு உள்ளங்கைக்குள் ஏந்திக்கொண்டான். அவள் புட்டியைச் சாய்த்தாள்.

"யாருக்கா இது?" என்றான் தம்பி, முகத்தை மேலே நிமிர்த்தியபடி. "தெரியாத கையா இருக்கே."

"எனக்கு வேலை சொல்லிக் குடுத்த சாருடா," என்றாள் அவள். "அசையாம இரு."